இதயத்தை ஒட்டிய பெருஞ்சிரைகளின் சி.டி.: கோளாறு படத்திலா, உடம்பிலா?

இதயத்துக்கு ரத்தம் திரும்பி வரும் பெரிய சிரைகளை சி.டி.யில் பார்ப்பது தமனிகளைப் பார்ப்பதைவிடத் தொல்லை பிடித்த வேலை. தமனிக்கு வந்து சேரும் காண்ட்ராஸ்ட் (ரத்தக்குழாயைப் படத்தில் வெள்ளையாகக் காட்ட ஊசியில் ஏற்றும் அயோடின் மருந்து) இதயத்தையும் நுரையீரலையும் கடந்து நன்றாகக் கலந்து வந்திருக்கும். சிரையில் அந்த வசதி கிடையாது. ஊசி போட்ட கையிலிருந்து காண்ட்ராஸ்ட் அடர்த்தியாக வரும். மறு கையிலிருந்தும் கழுத்திலிருந்தும் வெறும் ரத்தம் வரும். இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தைத்தான் நாம் படம் பிடிக்கிறோம். இல்லாத ரத்தக்கட்டு தெரிவதும், இருக்கிற கோளாறு ஒளிந்துகொள்வதும் இதனால்தான்.

மன்னார்குடியிலோ மயிலாடுதுறையிலோ ராத்திரி எடுக்கும் ஸ்கேனைப் பல நேரம் வேறு ஊரில் இருக்கும் ரேடியாலஜிஸ்ட்தான் படிக்கிறார். எந்தக் கையில் போட்டார்கள், எத்தனையாவது வினாடியில் எடுத்தார்கள் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. ஆகவே படத்தோடு ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: "வலது முழங்கை, 20ஜி, 350 காண்ட்ராஸ்ட் 80 மி.லி., வினாடிக்கு 3 மி.லி., சலைன் 40 மி.லி., 70-வது வினாடி." (20ஜி என்பது ஊசியின் பருமன், 350 என்பது ஒரு மி.லி.யில் இருக்கும் அயோடின் மி.கி., சலைன் என்பது உப்புநீர்.) இது இல்லாமல் படிப்பவர் பாதி ஊகத்தில்தான் படிக்கிறார். கீழே வரும் பிரச்சினைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியிலேயே பிடிபட்டுவிடும்.

மேற்பெருஞ்சிரையை எஸ்.வி.சி. என்றும் கீழ்ப்பெருஞ்சிரையை ஐ.வி.சி. என்றும் வழக்கப்படியே சொல்கிறோம்.

எஸ்.வி.சி.க்குள் கறுப்புத் திட்டு தெரிகிறது

அதிகம் ஏமாற்றுவது இதுதான். ஆடி மாதம் புதுத்தண்ணீர் வாய்க்காலில் வந்து, ஏற்கெனவே கிடக்கும் தெளிந்த தண்ணீரோடு சேரும் இடத்தில் செம்மண் நிறமும் தெளிவும் கொஞ்ச தூரம் ஒட்டாமல் ஓடுமே, அதேபோல எஸ்.வி.சி.யின் மேல்பாதியில் காண்ட்ராஸ்ட் ஒரு பக்கமும் வெறும் ரத்தம் மறுபக்கமும் ஓடும். வலது கையில் போட்டிருந்தால் இடது பிராக்கியோசெபாலிக் சிரையின் (இடது கை, கழுத்து ரத்தத்தை எஸ்.வி.சி.க்குக் கொண்டுவருவது) வெறும் ரத்தம் இடது சுவரை ஒட்டிக் கறுப்பாக இறங்கும். அசைகஸ் சிரையின் (முதுகெலும்பின் வலப்பக்கமாக ஏறி எஸ்.வி.சி.யில் சேருவது) வளைவு வந்து சேரும் மட்டத்தில், பின்சுவரில், இன்னொரு கறுப்புத் திட்டு தோன்றும். இந்த இரண்டு இடங்களில் எதைப் பார்த்தாலும் உடனே த்ராம்பஸ் (ரத்தக்கட்டு) என்று எழுதிவிடாதீர்கள்.

முதலில் விளிம்பைப் பாருங்கள். கலப்பினால் வரும் கறுப்புக்கு விளிம்பு மங்கலாக, புகை படிந்ததுபோல இருக்கும். அடுத்தடுத்த ஸ்லைஸில் வடிவம் மாறும், கீழே போகப் போகக் கரைந்துவிடும். ரத்தக்கட்டுக்கு விளிம்பு துலக்கமாக இருக்கும். புதிய கட்டு சிரையை உப்ப வைக்கும். பழைய கட்டு சிரையைச் சுருக்கி, சுவரைத் தடிக்கவைத்து, சில சமயம் சுண்ணாம்பு படிந்தும் இருக்கும். சுற்றிலும் மாற்றுச் சிரைகள் புடைத்திருக்கும்.

அதிலும் தீரவில்லை என்றால் நோயாளியை மேஜையை விட்டு இறக்காமல், கழுத்தடியிலிருந்து இதயம் வரை மட்டும் 90-வது வினாடி வாக்கில் இன்னொரு முறை எடுங்கள். மருந்து ஒரு சுற்று போய்த் திரும்பி வந்திருக்கும். இரண்டு கையின் ரத்தமும் ஒரே நிறமாகும். அப்போதும் அதே இடத்தில், அதே வடிவத்தில் கறுப்பு நின்றால் அது உண்மை. முதல் படம் முடிந்தவுடன் கன்சோலிலேயே எஸ்.வி.சி.யைப் பார்க்கும் பழக்கம் டெக்னீஷியனுக்கு இருந்தால்தான் இது நடக்கும். நோயாளி திருத்துறைப்பூண்டி பஸ் ஏறிய பிறகு இந்த யோசனை வந்து பயனில்லை.

சிரைக் கேள்வி என்று முன்பே தெரிந்தால் ஆரம்பத்திலேயே 60 முதல் 80 வினாடி டிலே வைத்துவிடுங்கள். பல்மனரி எம்போலிசத்துக்கான (நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டு) புரோட்டோகாலில் முன்னதாகவே எடுத்துவிட்டு எஸ்.வி.சி.யைப் பற்றிக் கருத்துக் கேட்பது வீண் வேலை. கேள்வி மிக முக்கியமானது என்றால், அதாவது ஸ்டென்ட் வைக்கப் போகிறார்கள், டயாலிசிஸுக்குப் புது வழி தேடுகிறார்கள் என்றால், இரண்டு கையிலும் வென்ஃப்ளான் (சிரையில் செருகி வைக்கும் ஊசிக்குழாய்) போட்டு, ஒய் கனெக்டர் வழியாக ஒரே நேரத்தில் நீர்த்த காண்ட்ராஸ்டை ஏற்றலாம். ஒரு பங்கு காண்ட்ராஸ்ட்டுக்கு நான்கிலிருந்து ஐந்து பங்கு சலைன். இன்ஜெக்‌ஷன் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்கேன் தொடங்க வேண்டும்.

கழுத்து வழியாக டயாலிசிஸ் கத்தீட்டர் வைத்து எடுத்தவர்களிடம் ஒன்றைத் தனியாகத் தேடுங்கள். கத்தீட்டரைச் சுற்றி வளர்ந்த ஃபைப்ரின் உறை, கத்தீட்டரை எடுத்த பிறகும் சிரைக்குள் குழாய் வடிவில் நின்றுவிடும். குறுக்கு வெட்டில் சிறு வளையம், நெடுக்கு வெட்டில் இரட்டைக் கோடு. நாள்பட்டால் சுண்ணாம்பும் ஏறும். உடைந்த கத்தீட்டர் துண்டு உள்ளே இருக்கிறது என்று இதைத் தவறாக எழுதிவிட வாய்ப்புண்டு. பழைய எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

எஸ்.வி.சி. வெள்ளையாக வெடித்துச் சுற்றிலும் கோடு அடிக்கிறது

கணக்கு எளிது. ஒரு மி.லி. ரத்தத்தில் ஒரு மி.கி. அயோடின் சேர்ந்தால் 120 கே.வி. எக்ஸ்ரே மின்னழுத்தத்தில் ஏறத்தாழ 25 எச்.யூ. (படத்தில் வெண்மையின் அளவு) கூடும். 350 வலிமையுள்ள மருந்து கலக்காமல் வந்தால் எட்டாயிரத்தைத் தாண்டும். மெஷினின் வழக்கமான அளவுகோலோ 3071-லேயே முடிந்துவிடுகிறது. அதன் விளைவுதான் அந்தக் கோடுகள். பக்கத்தில் இருக்கும் வலது பல்மனரி (நுரையீரல்) தமனியிலும், ஏறும் அயோர்ட்டாவிலும் (இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி) அவை பொய்க் கட்டுகளையும் பொய்க் கிழிசல்களையும் வரைந்து காட்டும்.

காண்ட்ராஸ்ட் முடிந்தவுடன் அதே வேகத்தில் 30 முதல் 50 மி.லி. சலைன் தள்ளுங்கள். ஸ்கேன் திசையைக் கீழிருந்து மேலாக மாற்றினால் எஸ்.வி.சி. மட்டத்துக்கு வரும்போது சலைன் அதைக் கழுவியிருக்கும். 80 கே.வி. இங்கே உதவாது, கோடு இன்னும் மோசமாகும். எடுத்து முடித்த படத்தை ஓரளவு காப்பாற்ற விண்டோவை (திரையில் காட்டும் எச்.யூ. வரம்பு) 800-க்கு மேல் அகலப்படுத்தி, நடுவை 250 வாக்கில் வைத்துப் பாருங்கள். சாதாரண மீடியாஸ்டைனல் (நடுமார்பு) விண்டோவில் பார்த்தால் அடர்ந்த சிரைக்குள் இருக்கும் சின்னக் கட்டு முழுசாக மறைந்துபோகும். பேஸ்மேக்கர் வயர் போடும் கோடு வேறு. அதற்கு 120-லிருந்து 140 கே.வி., மெஷினில் வசதி இருந்தால் உலோகக் கோடு குறைக்கும் மென்பொருள். வயரைச் சுற்றிய கட்டை மென்பொருள் அழித்துவிடவும் கூடும் என்பதால் திருத்தாத படத்தையும் கூடவே அனுப்புங்கள்.

எஸ்.வி.சி. பளிச், அயோர்ட்டா பளிச், நடுவில் பல்மனரி தமனி மட்டும் மங்கல்

குற்றவாளி மூச்சு. "மூச்ச நல்லா இழுத்துப் புடிங்க" என்று சொன்னால் நம் ஊர்ப் பெரியவர்கள் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு மார்பு விம்ம இழுப்பார்கள். மார்புக்குள் அழுத்தம் சட்டென்று குறையும். வயிற்றிலிருந்து ஐ.வி.சி.யின் வெறும் ரத்தம் வலது ஏட்ரியத்துக்குள் (இதயத்தின் மேலறை) பாய்ந்து காண்ட்ராஸ்டை நீர்க்கவைத்துவிடும். சிலர் பிடித்த மூச்சோடு முக்கவும் செய்வார்கள். அப்போது நேர்மாறாக, மருந்து மார்புக்குள் நுழையாமல் கையிலேயே தேங்கும்.

மெஷினில் பதிந்து வந்த ஹிந்திக் குரலையோ ஆங்கிலக் குரலையோ நம்பாமல் தமிழில் நீங்களே பதிவு செய்யுங்கள். "ஐயா, சாதாரணமா மூச்சு விடுங்க... அப்படியே நிறுத்துங்க" என்பது போதும். இன்ஜெக்டரை அழுத்தும் முன் இரண்டு தடவை ஒத்திகை பாருங்கள். காது கேளாதவர், பதற்றத்தில் இருப்பவர் என்றால் மூச்சு நிறுத்தவே சொல்லாமல், வேகமான மெஷினில் மெதுமூச்சிலேயே எடுப்பது மேல்.

க்ளென் அல்லது ஃபான்டான் அறுவை (பெருஞ்சிரையை நேராக நுரையீரல் தமனியில் இணைப்பது) செய்துகொண்ட பிள்ளைகளில் இதே மங்கல் வேறு காரணத்தால் வரும். க்ளென்னில் எஸ்.வி.சி. ரத்தம் மட்டும், ஃபான்டானில் ஐ.வி.சி. ரத்தமும் சேர்ந்து, இதயத்தில் கலக்காமல் நேராக நுரையீரலுக்குப் போகிறது. கையில் மட்டும் போட்டு முன்னதாக எடுத்தால் ஒரு பக்க நுரையீரலே அடைத்ததுபோலத் தெரியும். தாமதித்து எடுத்த படம் இல்லாமல் இங்கே எம்போலிசம் என்று முடிவு கட்டக் கூடாது.

இடது கையில் போட்டோம். கழுத்திலும் மார்புச் சுவரிலும் சிரைகள் ஒளிர்கின்றன

இடது பிராக்கியோசெபாலிக் சிரை, மார்பெலும்புக்குப் பின்னால், அயோர்ட்டாவின் கிளைகளுக்கு முன்னால் குறுக்கே நசுங்கிப் போகிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் சப்கிளேவியன் சிரை (கையிலிருந்து வருவது) விலா எலும்புக்கும் காறை எலும்புக்கும் நடுவில் மேலும் நெருக்கப்படும். ஆரோக்கியமான ஆளிடமும் சில பக்கச் சிரைகள் ஒளிரும். சாதாரண வேலைக்கு வலது முழங்கையே சரி. சந்தேகம் வந்தால் ஊசி போட்ட கையைப் பக்கவாட்டில் இறக்கி வைத்து மறுபடி எடுங்கள். ஒளிர்வு போய்விட்டால் அது நெருக்கல்தான். அசைகஸ் வளைவுக்குள் கொஞ்சம் காண்ட்ராஸ்ட் பின்வாங்கி, வால்வுக் குழிவில் தேங்கி நிற்பதும் அடைப்புக்கு அடையாளம் ஆகாது.

உண்மையான அடைப்பு என்றால் அசைகஸ், உள்மார்புச் சிரை, மார்பின் பக்கச் சிரை, முதுகெலும்பை ஒட்டிய சிரைகள் எல்லாம் சேர்ந்து தடித்திருக்கும். அடைப்பு எங்கே என்பதை அசைகஸ் சொல்லிவிடும். அதன் வாய்க்கு மேலே அடைப்பு என்றால் ரத்தம் விலா இடைச் சிரைகள் வழியே அசைகஸில் ஏறி எஸ்.வி.சி.யின் அடிப்பகுதிக்கு வந்து சேரும். வாயிலோ அதற்குக் கீழோ அடைப்பு என்றால் அசைகஸ் தலைகீழாக ஓடி, காண்ட்ராஸ்டை வயிறு வரை இறக்கி, ஐ.வி.சி. வழியாக இதயத்துக்குக் கொண்டுவரும். ரிப்போர்ட்டில் "எஸ்.வி.சி. அடைப்பு" என்று மட்டும் எழுதுவதைவிட இந்த மட்டத்தை எழுதுவது சிகிச்சை செய்பவருக்கு ஆயிரம் மடங்கு உதவும்.

இந்த நோயாளிகளின் கல்லீரலில், நான்காம் பிரிவில், முன்னோக்கி ஒரு பகுதி மட்டும் முதல் கட்டத்திலேயே பளிச்சென்று ஏறும். உள்மார்புச் சிரையிலிருந்து தொப்புள் பக்கச் சிரை வழியாகக் காண்ட்ராஸ்ட் நேரே அங்கே போய்க் கொட்டுவதால் வருவது. கல்லீரல் கட்டி என்று நினைத்து ஊசி வைத்துச் சதை எடுக்கப் போக வேண்டாம்.

மேஜையில் படுக்கவைத்தாலே முகம் கறுத்து மூச்சு முட்டுகிறது

படம் அப்புறம், ஆள் முதலில். எஸ்.வி.சி. அடைப்பில் மல்லாந்து படுத்தால் தலைக்குள் அழுத்தம் ஏறும். தொண்டையில் சத்தம், குழப்பம், மயக்கம் இருந்தால் ஸ்கேனை நிறுத்திவிட்டு மூச்சுக்குழாயைப் பார்ப்பவரைக் கூப்பிடுங்கள். தாங்குகிறார் என்றால் தலைமாட்டை உயர்த்தி, டோப்போவையும் (ஸ்கேன் எல்லை குறிக்க எடுக்கும் முன்னோட்டப் படம்) வென்ஃப்ளானையும் உட்கார்ந்த நிலையிலேயே திட்டமிட்டு முடித்துவிட்டு, கடைசியில் ஒரே முறை படுக்கவையுங்கள். தூக்க மருந்து கொடுத்துப் படுக்கவைப்பது இங்கே ஆபத்து.

அயோர்ட்டா வளைவுக்கு இடப்பக்கம் வேண்டாத ஒரு குழாய்

கருவிலிருந்து மறையாமல் நிலைத்துவிட்ட இடது எஸ்.வி.சி.யா, இடது மேல் நுரையீரல் சிரை தப்பான இடத்துக்கு ஏறுகிறதா? இரண்டும் வளைவின் இடப்பக்கம் ஒரே இடத்தில் நிற்கும். இடது மெயின் பிராங்கஸ் (இடது நுரையீரலுக்குப் போகும் மூச்சுக்கிளை) மட்டத்துக்கு இறங்கி, அதற்கு முன்னால் எத்தனை குழாய் என்று எண்ணுங்கள். சாதாரணமாக ஒன்று இருக்கும். அது இடது மேல் நுரையீரல் சிரை. இரண்டு இருந்தால் இடது எஸ்.வி.சி. ஒன்றுகூட இல்லை என்றால் நுரையீரல் சிரை மேலே ஏறிப் போயிருக்கிறது.

பிறகு இரு முனையையும் தொடருங்கள். இடது எஸ்.வி.சி. கீழே இறங்கி, பத்தில் ஒன்பது பேரிடம் கொரோனரி சைனஸில் (இதயத்தின் சொந்தச் சிரை) சேரும், சைனஸ் பெருத்திருக்கும். இடது பிராக்கியோசெபாலிக் சிரை சிறுத்திருக்கும் அல்லது இல்லவே இருக்காது. நுரையீரல் சிரைக் கோளாறில் அதே பிராக்கியோசெபாலிக் தடித்திருக்கும், சைனஸ் சாதாரணமாக இருக்கும். வலது கையில் போட்டு முன்னதாக எடுத்த படத்தில் இடது எஸ்.வி.சி. கறுப்பாக இருப்பதால் நிணநீர்க்கணு என்று தாண்டிப்போவார்கள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் இடது கை ஊசியே சிறந்தது.

பொது மக்களில் ஆயிரத்துக்கு 3 முதல் 5 பேரிடம் இது உண்டு. பிறவி இதயக் கோளாறு உள்ளவர்களிடம் இன்னும் அதிகம். தொந்தரவு தராது. ஆனால் இடது பக்கம் பேஸ்மேக்கர் வைக்கும் அன்றைக்கு வயர் கொரோனரி சைனஸுக்குள் போய் வழி தெரியாமல் சுற்றும். வலது எஸ்.வி.சி. இருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சிலரிடம் அது இருக்காது. அபூர்வமாக இடது எஸ்.வி.சி. நேராக இடது ஏட்ரியத்தில் திறக்கும். இடது கை ஊசியில் வலப்பக்கத்துக்கு முன்பே இடது ஏட்ரியம் ஒளிர்ந்தால் அதைச் சந்தேகியுங்கள். அந்த ஆளுக்கு அந்தக் கையில் போகும் ஒவ்வொரு சலைன் குழாயிலும் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. அது நேரே மூளைக்குப் போகக் கூடும்.

மூச்சுக்குழாயின் வலப்பக்கம் உருண்டையாக ஒன்று; "நோடு" (நிணநீர்க்கணு) என்று எழுதலாமா?

எழுதும் முன் கீழே போங்கள். அசைகஸ் வளைவு, படுத்த நிலையில் 10 மி.மீ.க்கு மேல் பெருத்திருந்தால் அதைத் தொடர்ந்து உதரவிதானத்தின் பின்பக்கம் வரை இறங்கிப் பாருங்கள். அயோர்ட்டாவுக்கு வலப்பக்கம் அயோர்ட்டா அளவுக்கே தடித்த குழாய் வந்தால், கல்லீரலுக்குப் பின்னால் ஐ.வி.சி. இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லை என்றால் ஐ.வி.சி. இடையில் அறுந்து அசைகஸாகத் தொடர்கிறது. கல்லீரல் சிரைகள் தனியாகச் சேர்ந்து நேராக ஏட்ரியத்தில் திறக்கும். மண்ணீரலையும் எண்ணிவிடுங்கள்; பல சிறு மண்ணீரல்கள் இதோடு சேர்ந்து வருவதுண்டு. தொடை வழியாக இதயத்துக்கு வயர் ஏற்றுபவருக்கு இந்தச் செய்தி முன்கூட்டியே போக வேண்டும்.

ஐ.வி.சி.யில் சிறுநீரக மட்டத்தில் கறுப்பு

எஸ்.வி.சி. கதையேதான், காரணம் மட்டும் வேறு. சிறுநீரகச் சிரைகள் சீக்கிரமே ஒளிர்ந்து திரும்பும். காலிலிருந்து ரத்தம் வர இரண்டு, மூன்று நிமிடம் ஆகும். அதனால் 70-வது வினாடியில் இரு ஓரம் வெள்ளை, நடுவில் கறுப்பு என்று தெரியும். 120-லிருந்து 180 வினாடிக்குள் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி எடுத்தால் தீரும். சிறுநீரகப் புற்று உள்ளவரிடம் மட்டும் இதை லேசாக விடக் கூடாது. கட்டு சிரையை உப்ப வைத்து, காண்ட்ராஸ்டுக்குப் பின் 20 எச்.யூ.க்கு மேல் ஏறினால் அது ரத்தக்கட்டு அல்ல, புற்று சிரைக்குள் வளர்ந்து வந்திருக்கிறது. மேல் முனை கல்லீரல் சிரைகளுக்குக் கீழா, மேலா, ஏட்ரியத்துக்குள்ளா என்பதை எழுதாத ரிப்போர்ட் சர்ஜனுக்கு உதவாது.

இதயத்தை ஒட்டிய இடத்தில் ஐ.வி.சி.க்குள் மைனஸ் 100-ஐ ஒட்டிய எச்.யூ.வில் ஒரு கறுப்பு உருண்டை தெரிந்தால் அது சுற்றியுள்ள கொழுப்பு. கரோனல் (முன்னிருந்து பார்க்கும் வெட்டு) படத்தில் வெளியே இருப்பது புரியும். வேகமாகப் போட்ட ஊசியில் ஐ.வி.சி.க்கும் கல்லீரல் சிரைக்கும் காண்ட்ராஸ்ட் பின்வாங்குவதும் உண்டு. வினாடிக்கு 3 மி.லி.க்குக் குறைவாகப் போட்டும் பின்வாங்கினால் வலது இதயத்தைப் பாருங்கள். கல்லீரலின் காடேட் மடல் பெருத்து, வயிற்றில் நீர் கோத்து வந்தவரிடம் கல்லீரல் சிரைகளின் வாயை ஒட்டி ஐ.வி.சி.யில் மெல்லிய சவ்வுத் தடுப்பு இருக்கிறதா என்று மெல்லிய ஸ்லைஸில், கரோனலிலும் சஜிட்டலிலும் (பக்கவாட்டு வெட்டு) தேடுங்கள். 5 மி.மீ. ஸ்லைஸில் சவ்வு நழுவிவிடும், 1 மி.மீ.க்கு மாற்றித் திரும்ப உருவாக்கச் சொல்லுங்கள்.

வலது இதயம் பெருத்திருக்கிறது, எக்கோவில் காரணம் பிடிபடவில்லை

நான்கு நுரையீரல் சிரைகளையும் ஒவ்வொன்றாக இடது ஏட்ரியம் வரை தொடருங்கள். வலது மேல் சிரை எஸ்.வி.சி.யில் சேர்ந்தால், அதை ஒட்டி ஏட்ரியச் சுவரின் மேல் மூலையில் சைனஸ் வினோசஸ் ஓட்டை இருக்கும் என்றே வைத்துத் தேடுங்கள். மார்பு வழி எக்கோ அதிகம் தவறவிடுவது அந்த மூலையைத்தான். வலது நுரையீரல் சிறுத்து, வளைந்த சிரை ஒன்று உதரவிதானத்தைத் தாண்டி ஐ.வி.சி.க்கு இறங்கினால் அது சிமிட்டர் சிண்ட்ரோம்.

இன்ஜெக்டர் அழுத்தம் ஏறி நின்றுவிடுகிறது, அல்லது கை வீங்குகிறது

வேதாரண்யத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் வந்தவரின் கைச் சிரை ஏ.சி. அறையில் சுருங்கித்தான் இருக்கும். வெறுந்தண்ணீர் குடிக்கத் தடையில்லை என்று அப்பாயின்மென்ட் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். மருந்தை 37 டிகிரிக்குச் சூடாக்கினால் பிசுபிசுப்பு குறையும். வினாடிக்கு 4 மி.லி.க்கு மேல் வேண்டுமென்றால் பச்சை வென்ஃப்ளான், 3-க்கு ரோஸ் போதும். நீலத்தில் 2-ஐத் தாண்டாதீர்கள். முதலில் சலைன் 20 மி.லி.யை அதே வேகத்தில் தள்ளி, சிரையின் மேல் விரல் வைத்துப் பாருங்கள்.

கை வீங்கினால் உடனே நிறுத்தி, கையை உயர்த்தி, குளிர் ஒத்தடம். கொப்புளம், விரல் மரத்துப்போதல், ஏறிக்கொண்டே போகும் வலி என்றால் அன்றைக்கே சர்ஜன் பார்க்க வேண்டும். டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைத்த வழி) இருக்கும் கையைத் தொடவே தொடாதீர்கள். டயாலிசிஸ் கத்தீட்டரிலும் இன்ஜெக்டரை மாட்டாதீர்கள். அழுத்தம் தாங்கும் என்று அச்சிட்ட லைனில் மட்டும், அதில் போட்டிருக்கும் வேகத்துக்குள் ஏற்றலாம். ஈ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 30-க்குக் கீழே என்றால் சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். அப்படிப் போட்டால் மெட்ஃபார்மினை (சர்க்கரை மருந்து) நிறுத்தி, காண்ட்ராஸ்ட் போட்ட 48 மணி நேரம் கழித்து, கிரியாட்டினின் பார்த்துத் தொடங்கச் சொல்லுங்கள்.

கைக்குழந்தைக்கு மஞ்சள் வென்ஃப்ளான், கிலோவுக்கு 1.5 முதல் 2 மி.லி. காண்ட்ராஸ்ட், இன்ஜெக்டர் இல்லாமல் கையாலேயே. நுரையீரல் சிரைகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதுதான் கேள்வி என்றால் ஸ்கேன் எல்லையைக் கழுத்தடியிலிருந்து கல்லீரலின் அடி வரை வையுங்கள். உதரவிதானத்துக்குக் கீழே, கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரையில் போய்ச் சேரும் வகை, மார்போடு நிறுத்திய ஸ்கேனில் பாதியிலேயே அறுந்துவிடும்.